பழைய பிளாஸ்டிக்குக்குச் சான்றிதழ்!

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் சைக்கிளைத் தள்ளிப்போன மனிதரை நினைவிருக்கிறதா? தராசில் கொஞ்சம் கைவைப்பார். பழத்தில் கொஞ்சம் மண் கடிபடும். ஆனால் ஓட்டைக் குடத்தை வாங்கிச் சாக்கில் போட்ட பிறகுதான் பழத்தைக் கொடுப்பார். குடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ‘வாங்கிவிட்டேன்’ என்று ஒரு கடுதாசி எழுதி, அதை நாலு தெரு தள்ளிப் போய் விற்கலாம் என்ற ஞானம் அவருக்குக் கிடையாது. படிக்காதவர், பாவம்.

அந்த ஞானம் தேசத்துக்கு 2022-இல் பிறந்தது. பொருளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி விற்கிறவரே அந்தப் பிளாஸ்டிக்குக்கும் பொறுப்பு என்று ஒன்றிய அரசு விதியை விரிவாக எழுதியது. நல்ல விதிதான். அந்தப் பொறுப்பை எப்படிக் கழிப்பது? முதலாளி கோணிப்பையோடு குப்பைமேட்டுக்குப் போக வேண்டாம். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். பாவம் செய்தவர் காசிக்குப் போக வேண்டியதில்லை, போய்வந்தவரிடம் டிக்கெட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். காசிக்கே போகாதவர்களும் டிக்கெட் அச்சடிப்பார்கள் என்பதை விதி எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும். மறு ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கைக்குப் போனது. குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் நாலே நாலு நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உண்டாக்கியிருந்தன. இந்த நாட்டில் உண்மையிலேயே சுழற்சிக்கு வந்த முதல் பொருள் அந்தச் சான்றிதழ்தான். கையில் பிடிக்க வேண்டாம், கழுவ வேண்டாம், நாறவும் நாறாது.

கணக்கு விஷயத்தில் நம்மை யாரும் அசைக்க முடியாது. 2020-21-இல் நாட்டில் உண்டான பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன் என்றது வாரியம். 2024 செப்டம்பரில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு கணக்கைப் போட்டார்கள். இந்தியாவில் யார் கைக்கும் சிக்காமல் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் கலப்பது மட்டும் ஆண்டுக்கு 93 லட்சம் டன். அதில் 58 லட்சம் டன் தெருமுனையிலும் வயல்வரப்பிலும் கொளுத்தப்படுவது. உலகிலேயே முதலிடம் என்று பதக்கமும் தந்தார்கள். பெற்ற பிள்ளை நாலு, தொலைந்த பிள்ளை ஒன்பது! எப்படி என்று கேட்டால், நம் அரசுக் கணக்கில் கிராமம் சேராது, கொளுத்தியது சேராது என்று அதே ஆய்வு சொல்கிறது. இன்னொன்றும் சேராதாம்: குப்பை பொறுக்குகிறவர்கள் பொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்புவது.

அதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெட் பாட்டிலை மூடி தனி, லேபிள் தனி என்று பிரித்து, காயலான் கடைத் தராசில் ஏற்றும் பெண்ணின் உழைப்பு கணக்கில் இல்லை. பார்க்காத பாட்டிலுக்கு எழுதிய சான்றிதழ் மட்டும் வாரியத்தின் வலைத்தளத்தில் கிலோ சுத்தமாக ஏறியிருந்தது.

கணக்கில் சேர்க்காவிட்டாலும் வரியில் சேர்க்க மறக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்கிராப்புக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 18 சதவீதமானது. தங்கத்துக்கு 3 சதவீதம். கழுத்தில் தொங்கினால் 3, சாக்கடையில் கிடந்தால் 18. இதில் ஒரு தத்துவம் இருக்கத்தான் வேண்டும். மேலே ஆலைக்காரர் தலையில் வைக்கும் வரி, மொத்த வியாபாரி வழியாக, காயலான் கடை வழியாக இறங்கி இறங்கி, கடைசியில் கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் குறைவு என்று சாக்கு சுமக்கிற கையில் வந்து நிற்கும். அவருக்குக் கீழே தள்ளிவிட ஆள் இல்லை.

அந்தக் காயலான் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விக்கும் குறைவில்லை. லைசென்ஸ் எங்கே, பில் எங்கே, இந்தச் செம்புக் கம்பி திருட்டா என்று போலீஸும் மாநகராட்சியும் மாறிமாறிக் கேட்பார்கள். கொண்டுவந்து கொட்டுகிற பெரிய மனிதரிடம் ஒரு கேள்வி கிடையாது. 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகம், கிடப்பில் போட்டிருந்த ஆய்வுக்கூடக் கருவி ஒன்றை ஏலத்தில் பழைய இரும்பாக விற்றது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி ஸ்கிராப் சந்தையில் அதை வெறுங்கையால் பிரித்தார்கள். கதிர்வீச்சில் ஒரு தொழிலாளி செத்தார், இன்னும் சிலர் வெந்து போனார்கள். வேதியியல் படித்தவர்கள் விற்றார்கள், படிக்காதவர்கள் செத்தார்கள். பிறகு யாருக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று பேசினோம் தெரியுமா? ஸ்கிராப் கடைக்காரர்களுக்கு!

ஆனாலும் சட்டம் எழுதுகிறவர்களின் தமாஷுக்கு நான் ரசிகன். சாஷே விஷயத்தைப் பாருங்கள். ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்தவர் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். வியாபாரத்தில் அது பெரிய மூளை, மறுப்பதற்கில்லை. அந்த வழியில் பிறகு வந்த காப்பித்தூளும் மசாலாவும் சிப்ஸும் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அடுக்கடுக்காக ஒட்டிய உறைக்குள் புகுந்தன. ஒட்டியதைப் பிரிக்கக் கட்டுப்படியாகாது. 2016 விதி, மறுசுழற்சி செய்ய முடியாத இந்தப் பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டில் ஒழிப்போம் என்றது. இரண்டு ஆண்டு முடிந்தது. 2018 மார்ச்சில் ஒழிந்தது உறை அல்ல, வாக்கியம். மறுசுழற்சிக்கும் ஆகாது, எரித்து ஆற்றல் எடுக்கவும் ஆகாது, வேறெதற்கும் உதவாது என்றால்தான் ஒழிக்க வேண்டும் என்று திருத்திவிட்டார்கள். எரியாத பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது? தீக்குச்சி பற்றும்வரை எந்த உறைக்கும் ஆபத்தில்லை. 2022 ஜூலையில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது உறிஞ்சுகுழல் மாட்டியது, காது குடையும் குச்சி மாட்டியது, பலூன் குச்சிகூட மாட்டியது. சாஷே மாட்டவில்லை. திருவிழாவில் பலூன் விற்கிறவருக்கு டெல்லியில் ஆள் இல்லை.

எரிப்பதற்குச் சட்டத்தில் இடம் கிடைத்ததும் ஊர்தோறும் எரிஉலை ஆசை வந்துவிட்டது. வடசென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலும் குப்பையிலிருந்து மின்சாரம் என்கிறார்கள். பல ஆண்டுகளாக நகரத்தின் குப்பையை முகர்ந்த வடசென்னைக்கு இனி அதன் புகையும் சொந்தம். உலைக்கு ஈரக்குப்பை ஆகாது, நன்றாக எரிகிற காய்ந்த அட்டையும் பிளாஸ்டிக்கும் வேண்டும். மேட்டில் பொறுக்குகிறவர்கள் தேடுவதும் அதையேதான்.

எங்கள் தெருமுனைத் தொட்டிக்கு விடியற்காலையில் ஒரு அம்மா வருவார். ஒரு கையில் கம்பி, தோளில் சாக்கு. கம்பி முனையால் கிளறி பால் கவரை எடுப்பார், பாட்டிலை மிதித்து நசுக்கிப் போட்டுக்கொள்வார். சாஷே, சிப்ஸ் பாக்கெட் வந்தால் கம்பியைத் தட்டி உதறிவிடுவார். ஒருநாள் உதறி விழுந்த உறை ஒன்றைக் குனிந்து படித்தேன். மூன்று அம்புகள் துரத்திக்கொள்ளும் பச்சை முக்கோணம் பளபளவென்று அச்சாகியிருந்தது.

“அத எடுக்காதீங்க சார்,” என்றார். “கடைல வாங்க மாட்டாங்க.”