பூட்டிலக்கணம்: ஆரணிக் கடைவீதியை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்றும், சிறப்புப் பாயிரமானது ஆக்கியோன் பெயர் முதலாக எட்டுப் பொருளை உரைக்க வேண்டும் என்றும் நன்னூலார் விதித்திருப்பதால், அவ்விதியை மீறிப் புலவர்களின் கோபத்துக்கு ஆளாக விரும்பாமல், முதலில் அந்தக் கடமையைக் கழித்துவிடுகிறேன். ஆக்கியோன், நான்கு நாள் தாடியோடு இதை எழுதத் தொடங்கியவன். வழி, முன்னோர் எவரும் நடக்கத் துணியாத வழி. எல்லை, கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி நகரத்துக் கடைவீதி. அவசியம் நேர்ந்த இடத்தில் அமெரிக்கா. நூற்பெயர் மேலே கண்டது. யாப்பு, மூச்சு உள்ளவரை முடியாத வாக்கியம். நுதலிய பொருள், விற்பதற்கென்றே அடுக்கிய சரக்கை, வாங்குவதற்கென்றே வந்தவன் கையால் தொட்டுவிடாதபடி பூட்டிவைக்கும் நவீன வியாபார தருமம். கேட்போர், சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பதால் கடையில் நின்றுகொண்டிருப்போர். பயன், அவர்களுக்குப் பொழுது போதல்.

ஆராய்ச்சி பிறந்த காரணம்

சென்ற வாரத்தில் ஒரு நாள் நண்பகலில், முகச்சவரத்துக்கு வேண்டிய பிளேடு தீர்ந்துபோன காரணத்தால், நகரத்திலுள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குச் சென்றேன். வாசலில் என் துணிப்பையை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக எண் பொறித்த ஒரு தகட்டைத் தந்தார்கள். உள்ளே அரிசியும் பருப்பும் சோப்பும் சுதந்திரமாகக் கிடக்க, நான் தேடிவந்த பிளேடு மட்டும், குழந்தைகளுக்கான பால்மாவு டப்பாக்களையும் வாசனைத் திரவியக் குப்பிகளையும் சகவாசமாகக் கொண்டு, ஒரு கண்ணாடி அலமாரிக்குள் சிறையிருந்தது. அருகில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "சாவி மேனேஜர் அக்காகிட்ட இருக்குது சார். சாப்பிடப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க" என்றாள். 'இப்ப' என்னும் சொல் நிகழ்காலத்தைக் குறிக்கும் என்று இதுவரை கருதிவந்த நான், அது எதிர்காலத்தின் எந்தப் பகுதியையும் குறிக்க வல்லது என்பதை முக்கால் மணி நேரம் நின்று பிரத்தியட்சமாக அறிந்துகொண்டு, வெறுங்கையோடு வெளியேறினேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் போனேன்; முதல் நாள் சாவி சாப்பிடப் போயிருந்தது போலவே, இரண்டாம் நாள் வங்கிக்கும் மூன்றாம் நாள் ஒரு கல்யாணத்துக்கும் போயிருந்தது. சாஸ்திரங்கள் பலவும் இப்படிப்பட்ட ஏமாற்றத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

பூட்டின் வகை

பூட்டானது பொருட்பூட்டு, பைப்பூட்டு, கட்பூட்டு, சொற்பூட்டு என நால்வகைப்படும்.

சரக்கையே சிறைப்படுத்துவது பொருட்பூட்டு. மேற்சொன்ன கண்ணாடி அலமாரி இதில் தலையாயது. தபால் நிலையத்துப் பேனாவை மேசையோடு கட்டிய சணல் கயிறும், தண்ணீர்ப் பந்தலில் டம்ளரைப் பிணித்த சங்கிலியும் இதன் கிளைகள். பேனா போய்விட்ட பிறகும் கயிறு பல வருஷம் அங்கேயே தொங்குவதைக் காணும்போது, பூட்டு தன்னைக் காத்துக்கொள்வதில் காட்டும் சாமர்த்தியத்தைப் பொருளைக் காப்பதில் காட்டுவதில்லையோ என்ற ஐயம் எழுகிறது. அலமாரியில் வெற்றுப் பெட்டியை வைத்துவிட்டு, அதன் உள்ளீட்டைக் கல்லாவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் முறையையும் இதிலேயே அடக்குக. அங்கே உடல் ஓரிடத்திலும் உயிர் வேறிடத்திலும் இருக்கின்றன.

சரக்கை விட்டுவிட்டு வருகிறவனைச் சிறைப்படுத்துவது பைப்பூட்டு. வாசலில் பையைப் பறிப்பதும், அதன் வாயைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்குவதும், வெளியேறும்போது காவலாளி பில்லை வாங்கிப் படிக்காமலே அதில் ஒரு துளை போடுவதும் இதன்பாற்படும். துளை போட்ட பில்லுக்கும் போடாத பில்லுக்கும் உள்ள தத்துவ பேதத்தை எந்தக் காவலாளியும் எனக்கு விளக்கவில்லை.

மூலையில் மாட்டிய குவிந்த கண்ணாடியும் கேமராவும் கட்பூட்டு. கண் என்னும் சொல் வல்லினத்துக்கு முன் கட் எனத் திரிந்து, களவையும் குறிப்பாக நினைவூட்டுவது தமிழின் தீர்க்கதரிசனம்.

நான்காவதாகிய சொற்பூட்டு, வந்தவர் வாசற்படி ஏறுமுன்பே "வாங்கம்மா, உட்காருங்க, கல்யாணத்துக்கா?" என்று கேட்பது. இதற்கு இரும்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆயினும் நால்வகையுள்ளும் திறப்பதற்கு அரியது இதுவே என்பது பின்னர் நிறுவப்படும்.

பூட்டு விதியும் அதன் திருத்தமும்

தாடியோடு கடைவீதியில் திரிந்த எனக்கு முதலில் தோன்றிய சித்தாந்தம், விலை குறையக் குறையப் பூட்டு பலக்கிறது என்பது. ஆரணியில் ஒரு பட்டுக் கடைக்குள் சென்று பாருங்கள். வெள்ளை விரித்த மெத்தையில் முன்பின் அறியாத ஒரு குடும்பம் அமர்ந்திருக்கிறது. கடைப்பையன் அலமாரியிலிருந்து 15,000 ரூபாய்ப் புடவையை எடுத்து, உதறி, அவர்கள் மடியிலேயே விரித்துப் போடுகிறான். அது போதாதென்று அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. அரக்கும் பச்சையும் மாம்பழ மஞ்சளும் மலையாகக் குவிந்து, யாருடைய கை எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறதென்று பிரமதேவனுக்கும் தெரியாத நிலையில், முதலாளி நிம்மதியாகக் காப்பி வரவழைக்கிறார். அதே வீதியில் 400 ரூபாய்ப் பிளேடுக்கோ பூட்டும் சாவியும் மேனேஜர் அக்காவும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆரணிப் பட்டுக்கும் அக்குறியீடு உண்டு. சட்டத்தின் கண்ணில் இரண்டும் சமமான கீர்த்தி வாய்ந்தவையாயினும், பகற்பொழுதில் இப்பட்டு அப்பூட்டை நாடுவதேயில்லை.

ஆனால் அடுத்த கடை நகைக்கடையாக இருந்தமையால் என் சித்தாந்தம் ஐந்தே நிமிஷம் ஜீவித்தது. அங்கே பொன் கண்ணாடிக்குள் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆனால் கேட்டவுடனே எடுத்து, வந்தவள் கழுத்திலேயே மாட்டி, கையில் நிலைக்கண்ணாடியையும் கொடுக்கிறார்கள். சாவி சாப்பிடப் போவதில்லை. ஆகவே விதியைக் கீழ்வருமாறு திருத்தினேன்: பூட்டுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை, பூட்டுக்கும் ஆளுக்கும்தான் சம்பந்தம். எந்தப் பொருளின் பக்கத்திலிருந்து விற்கும் மனிதன் நீக்கப்பட்டானோ, அந்த வெற்றிடத்தில் அவனுக்குப் பதிலாக உத்தியோகம் பார்ப்பதே பூட்டு. அதற்குச் சம்பளமில்லை, தீபாவளி போனஸ் இல்லை. பேச்சும் இல்லை என்பதே குறை.

அகத்திணைச் சான்று

தொல்காப்பியப் பொருளதிகாரம் களவியல், கற்பியல் என்று இரண்டு இயல்களை வகுத்திருப்பதை, இதுகாறும் உரையாசிரியர்கள் காதலுக்கே உரியதாகக் கொண்டனர். கடைக்கும் அது பொருந்துவதை அவர்கள் கவனியாதது, அக்காலத்தில் சூப்பர் மார்க்கெட் இல்லாமையால் மன்னிக்கத்தக்கது. மளிகைக் கடையில் சீட்டெழுதிக் கொடுத்து, கடைக்காரர் எடுத்துக் கொடுக்க, வாங்கிக்கொண்டு வருவது கொடுப்போர் கொடுப்பக் கொள்ளும் கற்பு. தட்டுகளின் நடுவே தனித்துத் திரிந்து, விதிவசத்தால் ஒரு பிஸ்கட்டுப் பொட்டலத்தைக் கண்டு, ஒருவரும் அறியாமல் அதைக் கைக்கொள்வது களவு. பில் போடுமிடத்தில் அது கற்பாக மாறிவிடும் என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது. சிலருடைய களவு கற்பாக மாறாமலே வாசலைத் தாண்டிவிடும்போது, கடைக்காரர் தாய்மார் செய்ததையே செய்கிறார்: இற்செறிப்பு. தலைவி வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். தலைவன் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்குகிறான். சாவிக்கொத்தோடு செவிலி சாப்பிடப் போயிருக்கிறாள். தூது செல்லும் தோழி மட்டும் இங்கே இல்லை, ஏனெனில் அந்தத் தோழியைத்தான் முதலில் வேலையை விட்டு நீக்கினார்கள்.

வரலாறு

பூட்டில்லாக் கடைக்குத் தமிழில் ஆகமப் பிரமாணம் உண்டு. புகார் நகரத்து வெள்ளிடை மன்றத்தைச் சிலப்பதிகாரம் வருணிக்கும்போது, உடையவன் பெயரும் அளவும் பொறித்த சரக்கு மூட்டைகள் வாயிலும் தாழும் காவலும் இன்றிக் கிடந்தன என்றும், திருட முயன்றவன் அம்மூட்டையைத் தலையில் சுமந்தபடி கழுத்து நோக அங்கேயே சுற்றிச் சுற்றித் திரிய நேர்ந்ததேயன்றி, அதைக் கொண்டு வெளியேற முடியவில்லை என்றும் கூறுகிறது. இக்காலத்துக் கடைகளிலும் இத்தண்டனை வழக்கிலிருக்கிறது. கூடையைச் சுமந்துகொண்டு பில் போடுமிடத்தைத் தேடிச் சுற்றுகிறோம். திருடாதவர்களுக்கும் அது விதிக்கப்படுவது ஒன்றே வேற்றுமை. அதே காப்பியத்தில், களவுக்குத் துணைசெய்வன மந்திரம் முதலாக எட்டு என்று விஸ்தாரமாக உபந்நியாசம் செய்கிறான் ஒரு பொற்கொல்லன். உண்மையில் சிலம்பைத் திருடியவன் அவனே. களவைப்பற்றி மிகுதியாகப் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்ற இந்த நீதி, இக்கட்டுரையாளனையும் உட்கொள்ளும்.

ஆரணியின் சரித்திரத்திலும் சான்றுக்குக் குறைவில்லை. ஹைதர் அலி தம் படைக்கு வேண்டிய தளவாடங்களையும் தானியத்தையும் ஆரணிக் கோட்டையில் பூட்டிவைத்திருந்தார். அதனைக் கைப்பற்றும் நோக்கத்தோடு 1782-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சர் அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி வந்து சேர்ந்தார்; சண்டை நடந்தது; கோட்டை கைக்கு எட்டவில்லை. ஆரணியில் அடைத்துவைத்த சரக்கை எதிரில் கண்டும் எடுக்க இயலாமல் திரும்பியவர்களில், எழுத்துச் சான்றுள்ள முன்னோராக அவரையே நான் கொள்கிறேன்.

வந்தவன் தானே எடுத்துக்கொள்ளும் முறையோ நமக்குச் சமீபத்தியது. 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்னும் கடையைத் திறந்தார். அதுவரை அந்நாட்டு மளிகைக் கடையும் நம் செட்டியார் கடையைப் போலத்தான். வாங்குகிறவர் சொல்ல, குமாஸ்தா எடுத்துக் கொடுப்பார். சாண்டர்ஸ் குமாஸ்தாவின் கூலியை மிச்சப்படுத்தி, ஜனங்களின் கையில் கூடையைக் கொடுத்து உள்ளே விட்டார். அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். விலை குறைந்தது, வியாபாரம் பெருகியது, கூடவே கைவரிசையும். நூறாண்டுக்குச் சற்று மேலானதும், அந்நாட்டு மருந்துக் கடைகளில் பற்பசையும் ஷாம்புவும் சலவைத்தூளும் கண்ணாடிக்குள் போய்விட்டன. வந்தவர் பொத்தானை அழுத்தி ஆளை வரவழைக்க, ஆள் சாவியோடு வந்து எடுத்துக் கொடுக்கிறார். அதாவது, நீக்கிய குமாஸ்தாவையே திரும்ப அழைத்திருக்கிறார்கள். அவர் வாயிலிருந்த உபசாரம் மட்டும் திரும்பவில்லை. பூட்டிவைத்தால் அவ்வளவாக விற்பதில்லை என்பதை வால்கிரீன்ஸ் என்னும் கடைத்தொடரின் தலைவரே 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டார். ஆரணியில் எந்தப் பட்டுக் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் இதை இனாமாகச் சொல்லியிருப்பார்.

பூட்டின் சக்தியை மிகைப்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. இலண்டனில் ஜோசப் பிராமா செய்த பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறைகூவலோடு கடை ஜன்னலில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இறுமாந்திருந்தது. 1851-ஆம் ஆண்டில் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். சாவியில்லாமல் பூட்டைத் திறக்க அவருக்குத் தேவைப்பட்டது 51 மணி நேரம். சாவியுள்ள பூட்டு எனக்காகத் திறக்கப்பட மூன்று நாள் போதவில்லை.

பூர்வபக்ஷமும் மறுப்பும்

பட்டுக் கடையில் மட்டும் திருட்டே இல்லையா என்று ஆட்சேபிப்பர். உண்டு. நாலைந்து பேராக வந்து, ஒரே சமயத்தில் நாலு பக்கத்திலிருந்து பேசி, கடைப்பையனைத் திக்குமுக்காடச் செய்து, ஒரு புடவையைச் சேலைக்குள் செருகிக்கொண்டு போகும் கூட்டத்தைப்பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது படிக்கிறோம். இது என் கொள்கையை மறுப்பதாகாது, வலியுறுத்துவதே. அவர்கள் இரும்புச் சாவி கொண்டுவரவில்லை; சொற்பூட்டைச் சொற்சாவியால் திறந்தார்கள்.

ஆளே இல்லாமல் பூட்டும் இல்லாமல் கடை நடக்காதா என்றும் கேட்பர். மிசோரம் மாநிலத்தில் சேலிங் என்னும் ஊருக்கருகே நெடுஞ்சாலையோரத்தில், காய்கறியையும் விலைப்பலகையையும் காசுப் பெட்டியையும் வைத்துவிட்டு விவசாயிகள் வயலுக்குப் போய்விடுகிறார்கள். மகாராஷ்டிரத்துச் சனி சிங்கணாப்பூரில் வீடுகளுக்குக் கதவில்லாமையால், 2011-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய யூகோ வங்கியின் கிளையும் பூட்டில்லாமலே திறக்கப்பட்டது. முன்னதில் அண்டை அயலாரின் முகமும், பின்னதில் சனீசுவரனின் பார்வையும் ஆளுக்குப் பதில் நிற்கின்றன. ஆகவே ஆள் என்பதில் தெய்வமும் அடங்கும் என்று விதியை விரித்துக்கொள்க. ஆனால் எங்கள் கடைவீதியில் சனீசுவரனைச் சம்பளமின்றி நியமிப்பது விவேகமாகாது.

நெசவாளர் வீடு

ஐந்தாம் நாள், தறி நெய்யும் என் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். திறந்த கதவு, நடுக்கூடத்தில் குழித்தறி, பாதி நெய்த அரக்குப் புடவை பாவோடு நின்றது. அவர் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இப்படித் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே?" என்றேன்.

"நாங்க தாப்பா போடறது ஆடு உள்ள வந்துடக் கூடாதுன்னுதான் சார். பாவுல இருக்கற பட்ட எவன் கொண்டு போவான்? அறுத்தா அவனுக்கும் ஆவாது, எனக்கும் ஆவாது. முழுசா நெய்யணும்னா அவன் பத்து நாள் இங்கயே உக்காரணுமே!"

அந்தப் பட்டு அவருக்குச் சொந்தமானதன்று. முதலாளி பட்டைக் கிராம் கணக்கிலும் ஜரிகையை மார்க் கணக்கிலும் நிறுத்துக் கொடுக்கிறார். புடவை திரும்பும்போது மீண்டும் தராசில் ஏறுகிறது. ஆக இங்கேயும் சந்தேகம் இல்லாமலில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் இருவர் முகத்துக்கு முன்னால், ஒரே தராசின் எதிரில், கணக்குப் பார்த்துத் தீர்க்கப்படுகிறது. தீர்ந்தபின் அடுத்த பாவு கொடுக்கப்படுகிறது. கண்ணாடி அலமாரியின் சந்தேகமோ முகமில்லாதது, முடிவில்லாதது, நான் ஆயிரம் முறை காசு கொடுத்து வாங்கினாலும் ஆயிரத்தோராவது முறையும் என்னைத் திருடனாகவே வரவேற்பது.

முடிவுரை

அங்கிருந்து நேரே தெருமுனைச் சலூனுக்குப் போனேன். கண்ணாடிக்கு எதிரே பலகையில் பிளேடுப் பொட்டலங்கள் வரிசையாக, பூட்டில்லாமல், சீப்புகளோடு கலந்து கிடந்தன. "என்னா சார், வேண்டுதலையா?" என்று கேட்டபடி அவர் ஒரு பிளேடை உரித்து, பாதியாக ஒடித்து, கத்தியில் பொருத்தினார். நான் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கழுத்தை நீட்டினேன். ஊர் விஷயங்களைச் சொல்லிக்கொண்டே மழித்தார். திரும்பும் வழியில் மீண்டும் அந்தச் சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்து, ஆய்வுப்பொருள் அலமாரிக்குள் பத்திரமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டேன். சாவி அன்று ஆற்காட்டுக்குப் போயிருந்தது. அது வந்தவுடன் இவ்வாராய்ச்சியின் இரண்டாம் பாகம் தொடங்கும்.