மாமாவுக்கு ஒரு முன்னறிவிப்பு

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

மாமா அவர்களுக்கு,

தாங்களும் மாமியும் கோடையில் இங்கே எழுந்தருளப் போவதாக எழுதிய கடிதம் கண்டு அளவிலா ஆனந்தம் அடைந்தேன். ஆயினும், யாரைக் கண்டாலும் ஐந்து நிமிஷத்துக்குள் ஊர், உத்தியோகம், சம்பளம், பெண்ணுக்கு வரன் பார்த்தாயிற்றா என்பது வரை விசாரித்துவிடும் தங்கள் சுபாவத்தை அறிந்தவனாகையால், இத்தேசத்து ஆசாரங்களை முன்கூட்டியே விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

முதலாவது உபசாரம். காபி வேண்டுமா என்று கேட்டால் விருந்தாளி மறுப்பதும், அரை டம்ளராவது சாப்பிட வேண்டுமென்று வீட்டுக்காரர் மன்றாடுவதும், மூன்றாம் தரம் கேட்கையில் இருவரும் சமாதானமாகி முழு டம்ளரும் காலியாவதும் நம் பக்கத்துத் தர்மம். இங்கேயோ, வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதை அவர் நன்கு யோசித்துச் செய்த தீர்மானமாக மதித்துப் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். நம்மூரிலிருந்து வந்த ஒரு நண்பர் போன வீடுகளிலெல்லாம் கௌரவமாக மறுத்து, போன வீடுகளிலெல்லாம் பசியோடு திரும்பி, ஜெர்மானியர் கருமிகள் என்று ஊருக்கு எழுதிவிட்டார். ஆகையால் முதல் தரமே தலையை ஆட்டிவிடுங்கள். அதுவும் பக்கவாட்டில் அல்ல, மேலும் கீழுமாக.

இரண்டாவது, கேட்கத்தக்கதும் சொல்லத்தக்கதும். நெடுநாள் சிநேகிதர்கூடச் சம்பளத்தைக் கேட்கமாட்டார். ஆனால் சிவப்பு விளக்கு எரிகையில் தாங்கள் தெருவைக் கடந்தால், முன்பின் அறியாத ஒரு பாட்டி, குழந்தைகள் பார்க்கிறார்களே என்று நடுத்தெருவில் கண்டிப்பாள். நாமோ அந்நியரின் அந்தரங்கத்தைத் தாராளமாகக் கேட்டுவிட்டு, அவருடைய குற்றத்தை மட்டும் அவர் போன பிறகு பேசுகிறோம். இப்படி, நமக்கு அன்பாகத் தோன்றுவது அவர்களுக்குத் தலையீடாகவும், அவர்களுக்குப் பொறுப்பாகத் தோன்றுவது நமக்குத் துடுக்காகவும் படுவதால், இரு தரப்பாரும் பரஸ்பரம் மரியாதை தெரியாதவர்கள் என்று மனப்பூர்வமாக நம்புகிறோம்.

மூன்றாவது நிசப்தம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் எழுதி, 1949-இல் வகுத்த சட்டத்திலும் அதை அப்படியே சேர்த்துக்கொண்ட ஜனங்கள் இவர்கள். எனவே மாமிக்கு மிளகாய்ப்பொடி இடிக்கும் உத்தேசம் இருந்தால் சனிக்கிழமையே முடித்துக்கொள்ள வேண்டும். மேலும் எங்கள் கதவில் ஒரு சிறு அட்டை தொங்கினால், அது தங்களுக்கு வைத்த வரவேற்பு என்று எண்ண வேண்டாம்; அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கும் முறை நம்முடையது என்று இந்தச் சுவாபியப் பிரதேசத்தில் அதற்குப் பொருள். படி சுத்தமாயிருந்தால் அண்டை வீட்டார் முகமன் கூறிப் போய்விடுவார்கள். ஆதலால், அவர்களோடு சாவகாசமாகச் சம்பாஷிக்க விரும்பினால் பெருக்காமல் விட்டாலே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாங்கள் பரம திருப்தி அடைவீர்கள். இங்கேயும் மரியாதைப் பன்மை உண்டு. வயதில் மூத்தவர் மனமுவந்து அனுமதித்த பிறகே இளையவர் அவரை ஒருமையில் அழைக்கலாம். ஆனால் அந்த வரத்தை வந்த அன்றே எல்லோருக்கும் வழங்கிவிடாதீர்கள். கொடுத்தபின் திரும்பப் பெறுவது பெரிய அவமதிப்பாகையால், பிறகு எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் தங்களை 'நீ' என்று கூப்பிடுவதைத் தாங்கள் ஊர் திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருக்க நேரிடும்.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள மருமான்