வரிச்சிக்குடி டீக்கடைத் துணுக்குகள்: ஒரு முன்னோடி ஆய்வு

உலகத்தின் விந்தைச் செய்திகள் மனிதனை வந்தடையும் வழிகள் மூன்று. ஒன்று பள்ளிக்கூடம், இது வெகு சிலரிடமே பலித்திருக்கிறது. இரண்டு கைபேசி, இதில் வரும் செய்தியை அனுப்பியவரே படித்திருப்பதில்லை. மூன்றாவதும் தலையாயதுமான வழி, டீக்கடையில் மசால்வடை வைத்துத் தரும் காகிதம். முதல் இரண்டைப் பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். மூன்றாவது வழி இதுவரை எந்தப் பல்கலைக்கழகத்தின் கண்ணிலும் படவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் வரிச்சிக்குடி. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில், கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கிறது. சற்று வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு. இந்த எல்லையை மாலை வேளைகளில் தெற்கு நோக்கிக் கடப்பவர்கள் எதற்காகக் கடக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம்; அது இவ்வாய்வின் வரம்புக்குள் வராது. நம் அக்கறையெல்லாம் காகிதத்தோடு சரி. பழைய பேப்பர் வியாபாரத்துக்கு எல்லைக் கட்டுப்பாடு கிடையாது. நாகப்பட்டினத்தில் படித்துப் போட்டதும் புதுச்சேரியில் படிக்காமலே போட்டதும் ஒரே எடைக்கல்லில் நிறுக்கப்பட்டு, ஒரே ஆணியில் குத்தி மாட்டப்படுகின்றன.

முதலில் இலக்கணம். துணுக்கு என்பது எழுதியவர் பெயர் இல்லாதது, தேதி இல்லாதது, ஆதாரம் கேட்டால் கோபித்துக்கொள்வது. அதன் எழுவாய் பெரும்பாலும் ‘விஞ்ஞானிகள்’. எந்த விஞ்ஞானிகள் என்று கேட்கக் கூடாது. அமெரிக்க விஞ்ஞானிகள் என்றால் உத்தமம், ஜப்பானிய விஞ்ஞானிகள் என்றால் மத்திமம். உள்ளூர்க் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவர் அதையே சொன்னால் அதற்குத் துணுக்கு அந்தஸ்து கிடைப்பதில்லை.

தமிழில் இக்கலைக்கு முன்னோர் உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், வந்த கப்பலும் போன கப்பலும் ஊர் வதந்தியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த 1739-உம் இந்தக் காலத்துக்குள்தான் அடங்கும். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வந்தது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்த 1954-ஆம் ஆண்டில்தான் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் தொடர்பில்லாத இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் துணுக்கின் ஆதாரத் தொழில்நுட்பம் என்பதால் பதிவு செய்கிறேன். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, இத்துறையின் தனிப்பெரும் ஆசான் ‘கல்கண்டு’ தமிழ்வாணன். பெயரோ முகவரியோ இல்லாமல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் வரைந்த கடிதம் அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்பார்கள். துணுக்கு போட்டவரே துணுக்காகிவிட்ட நிலை இது.

இனிக் களப்பணி. நேரம் மாலை, பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் இருந்த பெரியவர் வடையைத் தின்று முடித்துவிட்டுக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். எண்ணெய் ஊறியதால் பின்பக்கத்து நகைக்கடை விளம்பரமும் சேர்ந்து தெரிந்தது. சேதாரம் எத்தனை சதவீதம் என்பதைக் கழித்துவிட்டு அவர் படித்தது இவ்வளவுதான்: ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள், அவற்றில் இரண்டு... அதற்கு மேல் கிழிந்திருந்தது.

“ஏன் மாப்ளே, மூணு இருந்தா அட்டாக் வந்தாக்கூட தாங்கும்ல?”

“தாங்கும் மாமா. ஒண்ணு நின்னாலும் ரெண்டு ஓடும்ல.”

“அப்ப அந்த ரெண்டு என்னன்னு போட்டிருப்பான்?”

“ஸ்பேரா இருக்கும்.”

முழுத் துணுக்கைவிடக் கிழிந்த துணுக்குக்கு ஆயுள் அதிகம் என்பது இதனால் விளங்கும். முழுசாக இருந்திருந்தால் ஒரு ‘அடேயப்பா’வோடு குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். கிழிந்ததால் கால்மணி நேரம் ஓடியது. இன்னும் இரண்டு டீ விற்றது. கிழிந்துபோன பகுதி என்னவென்றால், இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தத்தைத் தள்ளுகின்றன. மூன்றாவது உடம்புக்குத் தள்ளுகிறது. நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடும். அதனாலேயே ஆக்டோபஸ் நீந்துவதைவிடத் தரையில் ஊர்ந்து போவதையே விரும்புகிறது. மாப்பிள்ளை சொன்ன ‘ஒண்ணு நின்னாலும் ரெண்டு ஓடும்’ என்பது தற்செயலாகச் சரியான உடற்கூற்றியல்.

ஆனால் ஆய்வாளரைத் திகைக்க வைத்தது வேறு. கணவாய்க்கும் மூன்று இதயங்கள்தான். கிளிஞ்சல்மேட்டுக் கரையில் வந்து இறங்கும் அதே கணவாய். மாமா வாங்கிப் போய் மிளகு போட்டு வறுக்கச் சொல்லும் அதே கணவாய். அதன் மூன்று இதயங்களையும் பல வருஷமாகச் சப்புக்கொட்டித் தின்றவர், ஆழ்கடல் ஆக்டோபஸுக்குத்தான் வாயைப் பிளந்தார். இதிலிருந்து பெறப்படும் விதி: துணுக்கின் வியப்பு, படிப்பவரின் வீட்டிலிருந்து அது நடக்கும் இடம் எவ்வளவு தூரமோ அவ்வளவு கூடும்.

இந்த விதியை மீறி உலகப் புகழ் பெற்ற உள்ளூர்த் துணுக்கு ஒன்றே ஒன்று உண்டு. திருநள்ளாறு சனி பகவான் கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிட்டுப் போகின்றன என்பதும், அமெரிக்க விஞ்ஞானிகள் வந்து பார்த்துவிட்டுக் கைகூப்பி நின்றார்கள் என்பதும் அது. இது எத்தனை தடவை மறுக்கப்பட்டாலும் சனிப்பெயர்ச்சிக்குச் சனிப்பெயர்ச்சி மறுபடி பிறக்கிறது. திருநள்ளாறு நமக்குப் பக்கத்து ஊர் என்பதால் கணக்குப் போட்டுப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை.

பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் போகிறது. மூன்று விநாடியில் 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருநள்ளாற்றுக்கு மேலே இருந்தது, வடக்கு நோக்கிப் போனால் இந்த மூன்று விநாடிக்குள் வரிச்சிக்குடியைத் தாண்டி, தரங்கம்பாடியைத் தாண்டி, பூம்புகார்ப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நிற்பதற்கு அதனிடம் பிரேக் கிடையாது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ வேண்டியதுதான். வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு. அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறோ கிட்டத்தட்ட 11 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே அவையும் கோயிலுக்கு நேர் மேலே வர வழியில்லை. சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு தங்குவது மட்டும் சுத்தமான வானியல்: சூரியனைச் சுற்றச் சுமார் 29½ ஆண்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளலாம்.

இங்கே மூன்று என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். தங்கமீனின் ஞாபகசக்தி மூன்று விநாடி என்பது இன்னொரு பிரபலத் துணுக்கு. அது பொய்; தங்கமீனுக்குப் பழக்கியது மாதக்கணக்கில் நினைவிருக்கும். செயற்கைக்கோள் மூன்று விநாடி, மீன் மூன்று விநாடி. நான்கு விநாடி என்று எந்தத் துணுக்கும் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு என்றால் நம்ப ஆள் இல்லை, நான்கு என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்கள் என்பதே காரணமாக இருக்கலாம்.

பொய்த் துணுக்கு இப்படிச் சாகாவரம் பெற்றிருக்க, மெய்யான துணுக்குகள் அதே சாலையில் சீந்துவாரின்றிக் கிடக்கின்றன. பக்கத்துத் தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். அப்போது டென்மார்க்காரர் வசமிருந்த அவ்வூரில் 1706-இல் பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கினார். சில ஆண்டுகளில் அவருடைய மிஷனுக்கு லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் கப்பலேறியது. 1711-இல் ரியோ டி ஜெனிரோ அருகே கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் யோனாஸ் பிங்க் தரங்கம்பாடியைப் பார்க்காமலே வழியில் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் எப்படியோ தப்பி 1712-இல் வந்து சேர்ந்தது. பிறகு ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. எழுத்து ஒவ்வொன்றும் கல்யாணப் பந்தல் போர்டு அளவுக்கு இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. ஆட்லர் என்ற அச்சு வார்ப்புக்காரர், இங்கிலாந்திலிருந்து வந்த செஷையர் சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, சின்ன எழுத்துகளாக வார்த்தாராம். 1715-இல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அப்படியும் காகிதம் போதாமல், அந்த ஆண்டுகளிலேயே பொறையாறில் ஒரு காகித ஆலை வைத்துப் பார்த்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர் இருக்கிறது.

ஆக, தமிழ் அச்செழுத்து சீஸ் டப்பாவிலிருந்து எழும்பி, வடைக் காகிதத்தில் வந்து முடிகிறது. தின்பண்டத்தில் தொடங்கித் தின்பண்டத்தில் முடியும் எழுத்து வரலாறு வேறெந்த மொழிக்காவது உண்டா என்று ஒப்பிலக்கியத் துறையினர் ஆராயலாம். இதில் ஓர் இடையூறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இலும் 2023-இலும் செய்தித்தாளில் உணவுப் பொருள் மடிக்க வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. மையில் உள்ள ஈயம் முதலியவை சூடான எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும் என்பது காரணம். நியாயமான எச்சரிக்கைதான், கேட்டு நடப்பதே நல்லது. ஆனால் வெள்ளைக் காகிதத்தில் வடை தின்னும் தலைமுறை, ஆக்டோபஸைப் பற்றி எங்கே போய் அறியும் என்பதற்கு ஆணையம் மாற்று ஏற்பாடு எதையும் அறிவிக்கவில்லை.

மெய்த் துணுக்குகளை மேலும் அடுக்கலாம். தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. வரிச்சிக்குடிக்காரர் ஓட்டுப் போடும் மக்களவைத் தொகுதியில் ஆந்திரக் கடற்கரையோரத்து ஏனாமும் கேரளக் கடற்கரையின் மாஹேயும் அடக்கம். தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் கும்பிடு போட்டால்தான் ஒருவர் எம்.பி. ஆகலாம். நாடே ஆகஸ்ட் 15-ஐக் கொண்டாட, இங்கே மறுநாள் 16-க்கும் ஒரு விழா, நவம்பர் 1-க்கும் ஒரு விழா. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது; சட்டப்படி கைமாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. நடுவே கிட்டத்தட்ட எட்டு ஆண்டு, ஊர் இந்தியாவிடம் இருந்தது, பத்திரம் பிரான்ஸிடம் இருந்தது. வீடு வாங்கிப் பட்டா மாற்ற அலைந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் தோன்றாது என்பதால் துணுக்காகத் தேறவில்லை.

இவற்றையெல்லாம் பெஞ்சில் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். மாமா பொறுமையாகக் கேட்டார். “இதெல்லாம் நம்ம ஊர் சமாச்சாரம் தம்பி,” என்று சொல்லிவிட்டு, ஒட்டகப்பறவையின் கண் அதன் மூளையைவிடப் பெரிது என்று அடுத்த காகிதத்தைப் படிக்கத் தொடங்கினார். அது உண்மைதான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரைக்காலிலிருந்து வடக்கே பஸ்ஸில் போகிறவர்கள் ஒருமுறை பொறையாறில் இறங்கி, கடுதாசிப்பட்டறை எங்கே என்று விசாரித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்தபின் பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டாம். ஐரோப்பாவில் ஓரிடத்தில் என்று தொடங்கினால் கேட்பார்கள்.