2 முட்டை, 5 பாவ்: சிறைத்துறைக்கு ஒரு பாராட்டு மனு

அனுப்புநர்:
சாப்பாட்டு மெஸ் நடத்தும் ஒரு பெண்,
பாரிவாக்கம் சிக்னல் அருகில்,
பூந்தமல்லி வட்டம்.

பெறுநர்:
மாட்சிமை பொருந்திய சிறைத்துறை சமூகம்
(மும்பை பைகுல்லாவுக்கு முதலில். படித்து முடித்ததும் புழல் உள்ளிட்ட எல்லா ஊர்களுக்கும் சுற்றுக்கு விடவும்.)

பொருள்: 2 முட்டை, 5 பாவ் குறைந்தது – ஏன் குறைந்தது என்று கேட்டவர் இறந்தது – அதன்பின் நடந்த விசாரணையின் அழகு – பாராட்டுத் தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

என் பிழைப்பே முட்டைக் கணக்குதான். அட்டைக்கு முப்பது. நாமக்கல் விலை ஏறினால் ஆம்லெட் விலை ஏறும், இறங்கினால் ஏறாது. ராத்திரி கடை சாத்தும்போது எண்ணிப் பார்த்து இரண்டு குறைந்தால் மாஸ்டரைக் கேட்பேன். மாஸ்டர் சப்ளை பையனைக் கை காட்டுவார். பையன், “உடஞ்சிடுச்சுக்கா” என்பான். ஓடு எங்கேடா என்றால் பூனைமேல் பழி போகும். நான் நாலு வார்த்தை கத்துவேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு மூவரும் உயிரோடு வேலைக்கு வந்துவிடுவோம். முட்டை விஷயத்தில் இதைவிடக் கறாரான நிர்வாகம் உண்டு என்பது உங்கள் பைகுல்லா பெண்கள் சிறையைப் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது.

2017 ஜூன் 23. மஞ்சுளா ஷெட்டே. ஆயுள் தண்டனைக் கைதி. யெரவாடா சிறையில் இருந்த அவரை நன்னடத்தைக்காக வார்டராக்கி பைகுல்லாவுக்கு அனுப்பியது நீங்கள்தான். சக கைதிகளுக்குச் சாப்பாடு பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு. அன்று காலை ரேஷனில் 2 முட்டையும் 5 பாவும் குறைந்தன. பாவ் என்றால் நம்மூர் பன்னுக்கு அக்கா தங்கை முறை. குறைகிறதே என்று கேட்டார். ஜெயிலர் அறைக்குக் கூப்பிட்டார்கள், உள்ளேயிருந்து அலறல் கேட்டது, வலியோடு திரும்பி வந்தவருக்குக் கொட்டடியிலும் அடி விழுந்தது என்பது உடனிருந்த கைதி கொடுத்த புகார். அன்றே அவரை ஜே.ஜே. மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். பலனில்லை.

நன்னடத்தைக் கைதி எது நன்னடத்தை என்று தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டார் பாருங்கள். குறைந்தால் எண்ணக் கூடாது. எண்ணினாலும் வாய்விடக் கூடாது.

இனி என் பாராட்டு. முதல் பாராட்டு உங்கள் ஊர் போலீசுக்குச் சேரும். நாக்பாடா காவல் நிலையத்தில் முதலில் போட்டது விபத்து மரணம் என்ற பதிவு. உடலில் பல இடங்களில் கன்றிப்போன காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது வேறு கதை. முட்டைக்கும் தரைக்கும் நடுவில் நடப்பதும் விபத்துதானே, அந்தக் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது பாராட்டு வேகத்துக்கு. மஞ்சுளா இறந்த மறுநாள் கைதிப் பெண்கள் கூரைமேல் ஏறிக் கத்தினார்கள். கத்தியவர்களில் ஷீனா போரா கொலை வழக்கில் கைதாகியிருந்த இந்திராணி முகர்ஜியும் ஒருவர் என்பதால் மும்பைப் பத்திரிகைகள் தலை நிமிர்ந்து கூரையைப் பார்த்தன. அவர் பாட்டுக்கு வேறு சிறையில் இருந்திருந்தால் இந்த மனுவை எழுதும் வாய்ப்பே எனக்குக் கிடைத்திருக்காது. முட்டையும் பாவும் கணக்கில் அப்படியே அடங்கியிருக்கும். கத்திய பெண்கள் 200க்கும் மேற்பட்டோர்மீது உடனடியாகக் கலவர வழக்கு. மஞ்சுளாவை அடித்ததாகச் சொல்லப்பட்ட ஆறு பெண் அதிகாரிகளைக் குற்றப்பிரிவு கைது செய்தது ஜூலை 1ஆம் தேதி. அதாவது பார்த்தவர்கள்மீது முதலில் வழக்கு, செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் பிறகு கைது. பந்தியில் விருந்தாளி முதல், வீட்டுக்காரர் கடைசி என்கிற பண்பாட்டை நீங்கள் இன்னும் கைவிடவில்லை. (ஆறு பேர்மீதும் இருப்பது குற்றச்சாட்டு. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நான் அதில் கை வைக்கவில்லை.)

மூன்றாவதும் சொல்லிவிடுகிறேன். துறைரீதியாக விசாரிக்க நீங்கள் வைத்த டி.ஐ.ஜி.யே, கைதான அதிகாரிகளுக்கு ஆதரவு கேட்டு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டதாகப் புகார் கிளம்பியது. விசாரணை வேறொருவர் கைக்குப் போனது. இதில் பதற என்ன இருக்கிறது? குடும்பத்துக்குள் ஒரு கஷ்டம் என்றால் பெரியவர்கள் சபையில் பேசத்தான் செய்வார்கள். மஞ்சுளாவும் உங்கள் வார்டர்தான், நீங்கள் பொறுப்புக் கொடுத்து வைத்த ஆள்தான் என்பது மட்டும் அந்தக் குடும்ப குரூப்பில் யாருக்கும் நினைவு வந்ததாகத் தெரியவில்லை.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும், ஆர்.டி.ஓ. விசாரணையோடு கதை முடியக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2006 ஜூன் 23. மஞ்சுளா இறந்தது அந்தத் திருத்தத்தின் பதினொன்றாம் பிறந்தநாளில். எங்கள் தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. சாத்தான்குளத்தில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று சொல்லி போலீஸ் பிடித்து வைத்த தந்தை மகன் இருவரில், மகன் பென்னிக்ஸ் 2020 ஜூன் 22 ராத்திரியும், தந்தை ஜெயராஜ் ஜூன் 23 விடியற்காலையும் இறந்தார்கள். பதினாலாம் பிறந்தநாள். சட்டங்களுக்கு இவ்வளவு மறக்காமல் பிறந்தநாள் கொண்டாடும் நாடு வேறு இருக்காது. இப்போது அந்தப் பிரிவு புதிய சட்டத்தில் 196 என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. பிறந்தநாளும் ஜூலை 1க்கு மாறிவிட்டது, குறித்துக்கொள்ளவும்.

சாத்தான்குளத்தில் மாஜிஸ்திரேட் நேரில் போய் விசாரித்தபோது கண்டது என்ன? சிசிடிவி இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் பதிவான காட்சி தினமும் தானாக அழிந்துவிடுகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள். என் கடையில் நாலாயிரம் ரூபாய் கேமரா வைத்த பையன்கூட, “பதினஞ்சு நாள் நிக்கும்க்கா” என்றான். அரசாங்கக் கேமராவுக்கு ஞாபக மறதி வியாதி. காவல் நிலையத்தையே வருவாய்த்துறை கையில் எடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டிவந்தது. கேமரா மறந்ததை வாயால் சொன்னவர் ரேவதி என்கிற தலைமைக் காவலர். லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். அவர் அங்கேயே வேலை பார்த்தவர். ஆனால் டியூட்டி முடிந்தால் வெளியே வந்து வீட்டுக்குப் போகக்கூடியவர். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததே அதுதான், சுற்றி வளைத்து வருகிறேன்.

கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்டார் என் வீட்டுக்காரர். ஆகும். திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா, தன்னோடு இருந்த இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். நீதிபதி கிருஷ்ண அய்யர் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார். பம்பாய்ச் சிறையில் பெண் கைதிகளைச் சந்தித்துப் பேசிய பத்திரிகையாளர் ஷீலா பார்சே, அவர்களில் ஐந்து பேர் போலீஸ் லாக்கப்பில் அடிபட்டதாகச் சொன்னதை வைத்து ஒரு கடிதம் எழுதினார். 1983 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பெண்களுக்குத் தனி லாக்கப், காவலுக்குப் பெண் போலீஸ், விசாரிக்கும்போது பெண் போலீஸ் உடனிருக்க வேண்டும். நல்ல தீர்ப்புதான். பெண்ணுக்குப் பெண் காவல் இருந்தால் போதும் என்று நாமெல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனோம். முப்பத்துநாலு வருஷம் கழித்து அதே ஊரில், பெண்கள் மட்டுமே இருக்கிற சிறையில், கைதானவர்கள் ஆறு பேரும் பெண்கள். சாவி ஒருத்தி கையிலும் பூட்டு இன்னொருத்திமேலும் இருக்கும்வரை, கை யாருடையது என்பதால் லத்தி வலி குறைவதில்லை. சமத்துவம் இந்த நாட்டில் முழுசாக வந்து சேர்ந்த இடம் சிறைச்சாலைதான் போலிருக்கிறது.

அடுத்து உங்கள் புள்ளிவிவரம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் போடும் சிறைக் கணக்கில், 2022இல் நாட்டுச் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். அதில் 1,773 இயற்கை மரணம். 159 இயற்கைக்கு மாறானது. மிச்சமுள்ளவர்களுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லையாம். காடு கழனியெல்லாம் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது, எங்கள் பாரிவாக்கம் ஏரிக்கரையிலேயே இயற்கையைத் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் மதில்சுவருக்குள் மட்டும் அது இவ்வளவு செழிப்பாக இருப்பது ஆறுதல். நெஞ்சுவலி என்று ராத்திரி பூராவும் கம்பியைத் தட்டி, டாக்டர் காலையில் வந்து பார்க்கும்போது ஒருவர் இறந்து கிடந்தால் அது எந்தக் கணக்கில் வரும்? இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்திருந்தால் படிக்காதவள் பேச்சு என்று தள்ளிவிடலாம். 1,382 சிறைகளின் நிலைமை பற்றிய வழக்கில் 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையேதான் கேட்டது: தகுந்த வைத்தியம் கிடைக்காமல் செத்தால் அது இயற்கையா, இல்லையா? அந்த வழக்கும் ஒரு கடிதத்திலிருந்து கிளம்பியதுதான். முன்னாள் தலைமை நீதிபதி லஹோட்டி 2013இல் எழுதிய கடிதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூந்தமல்லிக்காரர்களுக்குக் கைதி வண்டி புதுசு இல்லை. ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று சொன்ன தடா நீதிமன்றம் எங்கள் ஊரில்தான் இருந்தது. என் மெஸ்ஸிலும் எஸ்கார்ட் போலீசார் சாப்பிட வருவார்கள். ஆனால் எனக்கு அதிகமாகத் தெரிந்தவர்கள் சிறையில் இருப்பவர்களை மனு போட்டுப் பார்க்கப் போகிற பெண்கள். மதுரவாயல் போய் பைபாஸ் பிடித்தால் புழல் சிறை. காலையிலேயே கிளம்பி, பழமும் பிஸ்கட்டும் பையில் போட்டுக்கொண்டு, ஆதார் ஜெராக்ஸ் எடுத்து மனு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வரும்போது என் கடையில் டீ. ஒரு அம்மாவிடம் கேட்டேன், உள்ளே பெண்ணுக்குச் சாப்பாடு எப்படி என்று. பக்கத்து மேசையில் காக்கிச் சட்டை யாரும் இருக்கிறார்களா என்று ஒரு பார்வை. அப்புறம், “நல்லா போடறாங்களாம்மா. நல்லாத்தான் இருக்காளாம்.” மகள் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நின்று, பக்கத்தில் வார்டர் நிற்கும்போது சொன்னதை, தாய் இருபது கிலோமீட்டர் தள்ளி என் கடையிலும் மாற்றாமல் அப்படியே சொல்கிறாள்.

மஞ்சுளா வழக்கில் சாட்சி யார்? உடனிருந்த கைதிகள். அவர்கள் அன்று ராத்திரி எங்கே படுத்தார்கள்? அதே சிறையில். அடுத்த நாள் காலை அவர்கள் தட்டில் பாவ் போட்டது யார்? பிறகு கைதானவர்களோடு ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு வரும் கடிதத்தைப் பிரிப்பது, பார்க்க வருபவர்களை உள்ளே விடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை தருவது, பரோலுக்கு நன்னடத்தை என்று எழுதுவது எல்லாம் ஒரே துறை. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, “பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்” என்கிறது விசாரணை. இந்திராணி, தன்னையும் அடித்தார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். மருத்துவப் பரிசோதனையில் காயமும் இருந்தது. அவருக்கு வக்கீல் இருந்தார், வாசலில் டிவிக்காரர்கள் இருந்தார்கள். ஊர்ப்பேர் தெரியாத மற்றவர்கள் அதே கூரையிலிருந்து இறங்கி, கலவர வழக்கில் பெயரைச் சேர்த்துக்கொண்டு, வரிசையில் நின்று அதே தட்டை நீட்ட வேண்டும். ரேவதி வீட்டுக்குப் போகலாம். இவர்கள் எங்கே போவார்கள்?

ஆகையால் பணிந்து கேட்பது: சிறையில் ஒருவர் இறந்தால் அன்றைக்கே, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பும் அதே வேகத்தில், பார்த்தவர்களை வேறு சிறைக்கு, வேறு சூப்பிரண்டு கையில் மாற்றிவிடுங்கள். மாஜிஸ்திரேட் அவர்களை அங்கே போய், வார்டர் பக்கத்தில் இல்லாமல் பார்க்கட்டும். கத்தியதற்கான வழக்கை, எதற்குக் கத்தினார்கள் என்ற வழக்கு முடிகிறவரை நிறுத்தி வையுங்கள். புழலில் இதற்கெல்லாம் தேவை வராது என்று சொல்வீர்கள். மிக்க சந்தோஷம். தேவை வருவதற்கு முன்பே ஒரு உத்தரவு போட்டு வைப்பதற்குக் காகிதச் செலவு மட்டும்தான்.

இந்த மனு உங்கள் மேசைக்கு வந்ததும், வழக்கப்படி முதலில் மனு போட்டவளைத்தான் விசாரிப்பீர்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கடையில் கூட்டம் நெரியும்; அந்த நேரத்தைத் தவிர்த்து ஆள் அனுப்பவும்.

இப்படிக்கு,
பாரிவாக்கம் மெஸ்காரம்மா