வெயிலுக்குக் கூச்சமில்லை

'ஆர்கானிக் காட்டன்' ஜட்டிக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்களே, வாங்கலாமா?
– ஈரோடு வாசகர்

அட்டையில் இலை படம் இருந்தால் போதாது. ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்றான ஜி.ஓ.டி.எஸ். முத்திரையும், பக்கத்தில் உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த முத்திரையோடு 'ஆர்கானிக்' என்று போட, இழையில் 95 சதவீதமாவது ரசாயன உரமும் பூச்சிமருந்தும் படாமல் விளைந்திருக்க வேண்டும். சாயத்துக்கும் கழிவுநீருக்கும்கூட அதில் விதி உண்டு. எனக்கு அதுதான் பெரிது. திருப்பூர் பனியன் உலகமெல்லாம் போனது. சாயம் மட்டும் நொய்யல் ஆற்றிலேயே தங்கிவிட்டது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. யாருக்கும் காட்டப்போகாத துணிக்கு அடர் நிறம் எதற்கு? சாயம் ஏறாத கோரா நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

மூங்கில் துணி ஆர்கானிக் காட்டனைவிடப் பசுமையாமே?
– சேலம் வாசகி

மூங்கில் பசுமைதான். கடைக்கு வருவது பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து இழுத்த நூல். பருத்தியே போதும்.

மொட்டைமாடிக் கொடியில் உள்ளாடை போட்டால் மாமியார் முறைக்கிறார். துண்டுக்கு அடியில் போட்டால் காய்வதே இல்லை. என்ன செய்ய?
– மதுரை வாசகி

துண்டை எடுத்துவிடுங்கள். உடம்பில் வேர்வை அதிகம் தங்கும் இடத்தைத் தொடும் துணி உள்ளாடை. அரைகுறை ஈரத்தோடு உடுத்தினால் படர்தாமரைக்கு நாமே பாய் விரித்த மாதிரி. வடாம் காயும் வெயிலில் உங்கள் துணியும் காயலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அத்தையின் துணியையும் சேர்த்து அதே கொடியில் போடுங்கள். அவருக்கும் இத்தனை வருஷம் நிழல்தானே கிடைத்தது! உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, காலை வெயிலில் போட்டு, காய்ந்ததும் எடுத்துவிட்டால் எலாஸ்டிக்கும் பிழைக்கும். கொதிநீர், பிளீச், முறுக்கிப் பிழிவது மூன்றும் அதற்கு ஆகாது. படர்தாமரை வந்துவிட்டால் மட்டும் நல்ல வெந்நீரில் தனியாகத் துவையுங்கள். எலாஸ்டிக் போனால் போகட்டும். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், நூலில் படிந்து வேர்வையை உறிஞ்சவிடாது.

நைந்துபோன உள்ளாடையை என்ன செய்வது?
– கரூர் வாசகர்

எலாஸ்டிக்கை வெட்டிவிட்டு வண்டி துடையுங்கள். ஒர்க்‌ஷாப்காரர்கள் இதே மாதிரித் துணியைத்தான் 'பனியன் வேஸ்ட்' என்று கிலோக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.