தங்க ஒயர் வாங்கின பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ஜப்பான்ல இருந்து நிண்டெண்டோவோட ஃபேமிகாம் கேம் பெட்டியை வரவழைச்சிட்டியாமே. 1983-ல வந்த ஐட்டம், உங்க அப்பன் வயசு. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிட்டு மஞ்ச வீடியோ ஜாக்கும் வச்சிட்டியாம். வச்சதும் திரையில செங்குத்தா கோடு கோடா நிக்குதாம். ஜெயில்பார்னு பேராமே! சூப்பர் மரியோவோட நீல வானம் பூரா கம்பி. பாவம், அவன் என்ன குத்தம் பண்ணினான்?

அதுக்கு நீ கண்டுபிடிச்ச மருந்துதான் அருமை. தங்க முலாம் கேபிள்! வாங்கு, நல்லா வாங்கு. கல்யாணத்துல கழுத்துல போட்டுக்கிடலாம். வியாதி பெட்டிக்குள்ள இருக்கு, நீ வாசல்ல நின்னு தைலம் தடவுத.

படம் போடுற சிப்போட 21-ஆவது கால்ல இருந்துதான் வீடியோ கிளம்புது. கிளம்பி நேரா வெளிய வந்தா வம்பில்லை. போர்டுல ஊர் சுத்திட்டுல்லா வருது! பக்கத்துலயே கேட்ரிட்ஜைப் படிக்கிற லைனெல்லாம் அஞ்சு வோல்ட்டுல துள்ளிக்கிட்டு கெடக்கு. உன் வீடியோ மொத்தமே ஒரு வோல்ட்டுச் சங்கதி. சந்தை நடுவுல நின்னு மருமக காதுல ரகசியம் சொன்ன கதைதான். சிப்பு எட்டு எட்டுப் புள்ளியாப் படத்தைப் படிக்கும், ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில. அதான் கம்பியும் வரிசை மாறாம நிக்குது.

சொல்லுதேன் கேளு. அந்த 21-ஆவது காலைப் போர்டுல இருந்து தூக்கி விடு. ஈயத்தை முழுசா உறிஞ்சி எடுத்துட்டு மெதுவா நிமித்து. நீ பம்பு செட்டு போல்ட்டு கழட்டுற வேகத்துல போனா கால் ஒடிஞ்சிரும். அப்புறம் பெட்டியை அலமாரியில வச்சி சூடம் காட்டவேண்டியதுதான். தூக்கின காலுக்குப் பக்கத்துலயே ஒத்தை டிரான்சிஸ்டர் ஆம்பை வையி. நீ அதைப் பவுசா ஜாக்கு பக்கத்துல ஒட்டியிருப்ப, எனக்குத் தெரியாதா? அங்க இருந்து ஜாக்கு வரைக்கும் ஷீல்டு ஒயர், சிப்பு முதுகுல ஏறாம ஓரமாப் போகட்டும். ஆம்புக்குக் கரண்டை 7805 ரெகுலேட்டர்ல நேரா எடு. சிப்போட 40-ஆவது காலுக்கும் 20-ஆவது காலுக்கும் குறுக்க 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒண்ணு. டீக்காசு கூட ஆகாது, அதனால உனக்குப் பிடிக்காது.

அடாப்டர் விசயம் மறந்துட்டேன் பாரு. பெட்டி கேக்கிறது 10 வோல்ட் டிசி, நடுமுனை மைனஸ். கூட வந்த ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட் கரண்டுக்குச் செஞ்சது. நம்ம வீட்டு 230-ல நேரா சொருகிப் பாரேன், கோடு ஒரே அடியாப் போயிரும், பெட்டியோட சேத்து. அதுக்குப் பயந்து மட்டமான அடாப்டரை மாட்டினா, கம்பிக்கு மேல அலையும் ஓடும், இலவச இணைப்பா.

நிண்டெண்டோக்காரனே 1993-ல ஏவி ஜாக்கு வச்ச ஃபேமிகாம் விட்டான். அதை வாங்கியிருந்தா இந்தக் கிழவன் வாய்க்கு வேலை இருந்திருக்காது.

இம்புட்டும் பண்ணின பெறவும் லேசா ஒரு கோடு தெரிஞ்சா சிப்பைத் திட்டாத. கொஞ்ச இரைச்சல் அது வயித்துக்குள்ளயே பிறக்குது. நாலடி தள்ளி உக்காந்து விளையாடு. எனக்குப் பக்கத்துல பாத்தாலும் ஒரு கோடும் தெரியல. ரெண்டு கண்ணுலயும் புரைலே!