ஒரு வெடிக்கு ஒரு பை

போர்ட் பிளேருக்கு வந்து இறங்கிய என் மாமனார் கடலைத் திரும்பியும் பார்க்கவில்லை, காட்டைத்தான் பார்த்தார். ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய செய்தி அவர் காதில் ஏறவில்லை. இந்தத் தீவுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் காடு என்றது மட்டும் ஏறியது. “இத்தனை காட்டை வெச்சுக்கிட்டுத் தினமும் மீனைத் தின்னுக்கிட்டிருக்கீங்களே, மாப்ள” என்றார். பெண்ணை இடம் தெரியாமல் கொடுத்துவிட்ட வருத்தம் குரலில் இருந்தது.

அவர் கல்வராயன் மலையடிவாரத்துக்காரர். இளவயதில் கடலைக்காட்டைக் காவல் காக்க லைசென்ஸோடு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கும் வகை. அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து எத்தனையோ வருடமாகிறது. ஆனாலும் வேட்டைக்குப் பை கட்டும் கலையை அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எனக்காகவே பட்டியல் எழுதினார்: மருந்துக் குப்பி, ரவைப் பை, தேங்காய் நார், கேப்பு டப்பா, கத்தி, ஒரு தூக்கு புளிச்சோறு.

“டார்ச்சு, தண்ணி பாட்டில், கொசு மருந்து?” என்றேன்.

“வேட்டைக்குப் போறீங்களா, ஊட்டிக்குப் போறீங்களா?”

பை சின்னதாக இருக்கவேண்டிய காரணத்தைத் துப்பாக்கியே சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. மருந்தை அளந்து கொட்டி, நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார், மறுபடி இடி, கடைசியில் குதிரைக்கு அடியில் கேப்பு. அந்தக் காலத்தில் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவானாம். மாமா இரண்டாவது வெடிக்குத் தயாராவதற்குள் பன்றி பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். “அடிச்சா ஒரே அடி. தப்பினா வீடு. அப்புறம் எதுக்கு மூட்டை?” என்றார். அதில் ஒரு தத்துவம் இருப்பதாக எனக்கும் பட்டது.

ஆனால் தத்துவம் அந்தமான் மழைக்குத் தாங்கவில்லை. இங்கே வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவம் கிளம்பினால் வடகிழக்குப் பருவம் வந்து பொறுப்பேற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும். தீக்குச்சியை உரசினால் தலை மட்டும் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். கரிமருந்திலும் ஒரு வகை உப்புத்தானே, வெடியுப்பு. ஈரத்தைக் கண்டால் விடாது. இதைச் சொன்னதும் பட்டியல் வளர ஆரம்பித்தது. குப்பிக்கு மெழுகு, மெழுகுக்குத் தீப்பெட்டி, தீப்பெட்டிக்கு பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ரப்பர் ஷீட்டு, அட்டைப்பூச்சிக்குப் புகையிலை. காலண்டரில் அடுத்த மாதத்தையும் கிழிக்க வேண்டியதாயிற்று.

அவரைச் சமாதானப்படுத்த இந்த ஊர்க் கதையைச் சொன்னேன். இதே கவலை கும்பெனிக்காரர்களுக்கும் இருந்தது. அவர்களின் 1853 மாடல் என்ஃபீல்டும் வாய்வழிக் கெட்டிப்புத்தான். ஒரு வெடிக்கான மருந்தையும் குண்டையும் ஒரே காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார்கள். பல்லால் கிழித்துக் கொட்டவேண்டியதுதான். சிக்கனமான பை என்றால் இதுதான் பை. ஈரம் அண்டாமலும், குண்டு வழுக்கி இறங்கவும் காகிதத்தில் கொழுப்பைத் தடவினார்கள். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று பேச்சு பரவியது. ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த மனக்குறைகளோடு இதுவும் சேர, 1857-இல் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. பிடிபட்டவர்களை எங்கே வைப்பது? 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார். மருந்து நனையக்கூடாது என்று தடவிய கொழுப்பு, மருந்தே காயாத ஊரில் கொண்டுவந்து விட்டது.

மாமா யோசித்தார். “வேப்பெண்ணெய் தடவியிருக்கலாம்” என்றார். 1857-ஐப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே இந்தக் காட்டில் வேட்டையாடுபவர்களின் பையைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் பேனாவைக் கீழே வைத்தார். பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினரின் அந்தக் காலப் பன்றி அம்பில் இரும்பு முனை தனியே கழன்றுவிடும். முனையையும் தண்டையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். அம்பு பட்ட பன்றி ஓடும். தண்டு பின்னால் இழுபட்டுப் போய்ப் புதரில் மாட்டிக்கொள்ளும். பன்றி தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்கிறது. வேட்டைக்காரருக்கு இரண்டாம் வெடி தேவையில்லை, கெட்டிக்கும் கம்பி தேவையில்லை, மழை ஒரு பொருட்டே இல்லை. “ஒரு முழக் கயிறுதானா, மாப்ள?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு பட்டியலில் மருந்து, ரவை, நார், கேப்பு நான்கையும், பின்னால் சேர்ந்த மெழுகு முதல் புகையிலை வரை எல்லாவற்றையும் அவரே அடித்தார். துப்பாக்கியை எழுதவே இல்லை, அது தோளில் இருப்பது. அதை அடிக்கும் வேலை எனக்கு விழுந்தது.

“1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் மாமா. 9-ஆம் பிரிவுப்படி வேட்டைக்குத் தடை.”

“யாருக்குமேவா?”

“நிக்கோபார்ப் பழங்குடிகளுக்கு 1967-இல் ஒரு அறிவிக்கையில் கொடுத்த உரிமையை மட்டும் 65-ஆம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறார்கள். நீங்கள் கல்வராயன் மலை.”

“பன்னி குத்த வந்தா?”

“உயிருக்கு ஆபத்தென்றால் குற்றமில்லை. 11-ஆம் பிரிவு. ஆனால் செத்த பன்றி சர்க்கார் சொத்து.”

“குத்து எனக்கு, கறி சர்க்காருக்கா? அப்ப சர்க்காரே வந்து குத்து வாங்கிக்கட்டும்.”

பட்டியலில் மிஞ்சியவை கத்தியும் புளிச்சோறும். அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அபர்டீன் படகுத்துறையிலிருந்து குடும்பத்தோடு ராஸ் தீவுக்குப் போனோம். 2018-இல் அதற்கும் நேதாஜி பெயர் வைத்தாயிற்று. அங்கே புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. அந்தமான் காட்டுக்குப் புள்ளிமான் சொந்தமில்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. புலியோ சிறுத்தையோ இல்லாத தீவுகளில் பயப்படுவதற்கு அதற்குக் காரணமே கிடைக்கவில்லை. பெருகிப்போய், மரக்கன்றுகளை மேய்ந்து, இன்று வனத்துறைக்கே தலைவலி. ஒரு கொம்பன் நேரே வந்து மாமாவின் பையை மோந்து பார்த்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் குறி தப்பமுடியாத தூரத்தில் ஒரு மான். அவர் கையிலிருந்ததோ வெள்ளரிக்காய் நறுக்கிய கத்தி.

“மானா இது? கோயில் மாடு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடிந்த தேவாலயத்துக்கு அருகே உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். “பாத்தீங்களா மாப்ள, கடைசியில நமக்கு உதவினது எது? நான் அப்பவே எழுதினேன்” என்றார் மாமா, பட்டியல் ஜெயித்துவிட்ட பெருமையோடு.

அத்தை தூக்கை வழித்துக்கொண்டே சொன்னார்: “துப்பாக்கி இருந்தப்பவும் இதுதான் நடந்துச்சு, மாப்ள. போறப்போ சோறு, வர்றப்போ காலித் தூக்கு. பன்னிக்கறிக்குன்னு அரைச்சு வெச்ச மசாலாவையெல்லாம் கத்திரிக்காய்க்குப் போட்டுத்தான் உங்க பொண்டாட்டியை வளர்த்தேன்.”